காற்றுக்கு ஒட்டடை அடித்த காலனி

வேலாயுதம் காலனியில் காற்றுக்கு ஒட்டடை அடிக்க ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒட்டடை அடித்தால் வீட்டு லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று பூங்காவனம் வியாழனே கம்பைக் கையில் எடுத்துவிடுவாள். நகரம் வடக்கே போய்ப் போய் அலுத்து நின்றுவிடுகிற இடத்தில், கம்பெனியின் புகைபோக்கிக்குக் கீழே, நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒன்று அவளுடையது. அன்றைக்கு அவள் வாசல் ஓரத்தில் தொங்கிய ஒட்டடையை எட்டி இழுத்தபோது, கம்பின் நுனியில் ஒட்டடையோடு சேர்ந்து புகையும் சுற்றிக்கொண்டு வந்தது. சாம்பல் நிறத்தில், சீப்பில் மாட்டிய சிக்குமுடி மாதிரி, ஒரு முழம். உதறிப் பார்த்தாள், விழவில்லை. கையால் உருவி, உருட்டி, கூடையில் போட்டாள். மறுபடி கம்பை உயர்த்தி வெறும் அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள், இன்னும் இரண்டு முழம் வந்தது. அண்ணாந்து பார்த்தால் அவள் வாசலுக்கு மேலே மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு வானம் நீலமாக இருந்தது. அட, வருதே என்று சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான். அடுப்பில் பருப்பு இருந்ததால் உள்ளே போய்விட்டாள்.

எப்படி வந்தது, ஏன் வந்தது என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று வருஷக் கணக்காகக் கேட்டே பதில் கிடைக்காத ஊர் அது, புகை ஏன் கம்பில் ஒட்டுகிறது என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? ஒட்டுகிறதா, ஒட்டுகிறது; அப்புறம் என்ன, ஆளுக்கொரு கம்பை எடு என்றார்கள்.

காற்றுக்காக அந்தக் காலனியில் ஏற்கெனவே ஒரு குழு இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற தேசிங்கு அதற்குத் தலைவர், மனு எழுதுவது அவர் வேலை. காலையில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி இடியாப்பம் விற்கிற ஜைத்தூன் ஆள் சேர்ப்பவள். மிச்சமிருக்கிற எல்லா வேலையும் பூங்காவனத்துடையது. சம்பளம் கிடையாது, பேர் கிடையாது, கூட்டம் முடிந்தால் ஒரு டீகூடக் கிடையாது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரேஷன் கடை வாசலில் கூடினார்கள். விளக்குக் கம்பங்களில் வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்டு, அது எத்தனை நாளில் கறுக்கிறது என்று பார்த்து மனுவில் எழுதினார்கள். அறுபது மரக்கன்று நட்டார்கள், ஐம்பத்தெட்டு பட்டுப்போனது, மிஞ்சிய இரண்டையும் ஆடு தின்றது. ஊருக்கு உழைக்கிற ஆசையில் பூங்காவனம் அந்தக் குழுவுக்கு வரவில்லை, அதை அவளே மறைக்க மாட்டாள். ஒன்பது வயது மகள் இலக்கியாவுக்கு இளைப்பு. வாரத்துக்கு மூன்று தடவை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, முகத்தில் மூடி போட்டு, கேஸ் வைத்து, மூச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரவேண்டும். புருஷன் டிரெய்லர் லாரி ஓட்டுபவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். அந்தப் பிள்ளையின் மூச்சைக் காப்பாற்ற அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அதனால் புகை கம்பில் ஒட்டியபோது முதலில் குழுதான் அதைக் கையில் எடுத்தது. தெருவுக்கு எட்டுக் கம்பு, ஆளுக்கு அரைமணி முறை என்று தேசிங்கு அட்டையில் எழுதி ரேஷன் கடைக் கதவில் ஒட்டினார். பொழுது விடிந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், வேலைக்குப் போகிறவர்கள் பஸ் ஏறுவதற்குள் காலனிக்கு மேலே வானத்தைத் திறந்துவிடலாம். உருவிய புகையைச் சும்மா போட்டால் மறுபடி எழும்பிப் போய்விடும், ஆகவே அரிசிச் சாக்கில் அடைத்து வாயைத் தைத்தார்கள். சாக்குகள் சேர்ந்தன, கட்டிலுக்கு அடியில், பரணில், பூட்டிக்கிடந்த படிப்பகத்தில், கடைசியில் உட்கார நாற்காலி இல்லாத வீடுகளில் அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், அதிசயம் மட்டும் புளிக்காதா? ஆறே மாதத்தில் அது ஒரு வீட்டு வேலை ஆகிவிட்டது. மருமகள் மாடிக்கு மேலே ஒரு கோடு புகையை விட்டுவிட்டாள் என்று மாமியார்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி குறை சொன்னார்கள். வீட்டுக்காரர் வாசலுக்கு மேலிருக்கிற புகையைக் குடியிருப்பவர்தான் அடிக்க வேண்டும் என்று ஒரு சண்டை நடந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, காற்றுக்கு அடிக்கத் தெரியுமா என்றும் கேட்டார்கள். தேர்தல் வந்தபோது ஒரு கட்சி கொடி நிறத்தில் கம்பு கொடுத்தது, இன்னொரு கட்சி நுனியில் தேங்காய் நார் வைத்துக் கொடுத்தது, இரண்டிலும் புகை ஒரே மாதிரிதான் ஒட்டியது. ஆனால் ஒன்று. காலையில் அடித்தது காலைக்குத்தான். சாயங்காலம் ஷிப்டு சங்கு ஊதும்போது புகைபோக்கி மறுபடி குமுறி, இறங்கி, கூரைகளின்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற பிழைப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அடித்தார்கள். இலக்கியா அந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் கேஸ் வைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் கோகோ ஆட்டத்துக்குப் பேர் கொடுத்தாள், பூங்காவனத்துக்கு அது போதும்.

அப்போதுதான் கம்பெனி இரண்டாவது புகைபோக்கி கட்டப்போகிறது என்ற செய்தி வந்தது. தேசிங்கு ஒரு சாக்குப் புகையைத் தோளில் சுமந்துகொண்டு, மூன்று பஸ் மாறி, காற்றை அளக்கிற ஆபீசுக்கே போனார். இதுதான் சார் சாட்சி என்று மேஜைமேல் வைத்துப் பிரித்தார். புகை எழும்பி மாடி முழுக்கப் பரவி, ஆபீசே இறங்கித் தெருவில் நிற்கும்படி ஆகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு அங்கே இருந்தவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாராம், சாக்கில் இருப்பது சாட்சி ஆகாது, மெஷின் சொல்வதுதான் சாட்சி. வருகிற இருபதாம் தேதி ஆள் அனுப்புகிறோம், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறுவரை மெஷின் வைத்து அளப்போம், அன்றைய சராசரி நூறைத் தாண்டினால் புகைபோக்கிக்கு அனுமதி இல்லை, பழையதுக்கும் வடிகட்டி போடச் சொல்லி உத்தரவு போகும். நூறுக்குக் கீழே இருந்தால் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே நாள். ஒரே மெஷின்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு மனதாக முடிவானது. பத்தாம் தேதி முதல் இருபதாம் தேதி சாயங்காலம் வரை காலனியில் யாரும் கம்பைத் தொடக்கூடாது. உள்ள காற்று உள்ளபடி மெஷினுக்குத் தெரியட்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு மட்டும் விலக்குத் தரலாமா, வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்குத் தரலாமா என்று பேச்சு இழுத்தபோது, பூங்காவனம் எழுந்தாள். இந்தக் காலனியிலேயே மூச்சுக்கு அதிகமாக அவதிப்படுகிற பிள்ளை என்னுடையது, நானே அடிக்க மாட்டேன், வேறு யார் அடிப்பீர்கள் என்று கேட்டாள். விலக்குப் பேச்சு அதோடு முடிந்தது. அன்றைக்கே கம்பைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, பத்து நாள் பொறுத்துக்கோ கண்ணு, அப்புறம் எப்பவுமே பொறுத்துக்க வேணாம் என்று மகளிடம் சொன்னாள். இலக்கியா சரி என்று தலையாட்டினாள். ஆட்டத்துக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள், கூடாது என்றதும் அதற்கும் சரி என்றாள்.

புகை இறங்கியது. ஆறு மாதம் பட்டினி கிடந்த மாதிரி இறங்கியது. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கதவின் நிறம் மறந்துபோனது, ஐந்தாம் நாள் காய்ந்த துணியைத் திரும்பவும் துவைத்தார்கள், ஆறாம் நாள் ஜைத்தூன் இடியாப்பத் தட்டை மூடியபடியே விற்றாள். இலக்கியாவுக்கு நான்காம் நாளே இழுக்க ஆரம்பித்துவிட்டது. படுத்தால் மூச்சு வராது, அதனால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வெளியே வந்தது, பூங்காவனம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கேஸ், அப்புறம் மூன்று. சுகாதார நிலையத்து நர்ஸ், என்னம்மா நடுவுல நல்லா இருந்துச்சே என்று கேட்டதற்கு இவள் பிள்ளையின் முகத்து மூடியைச் சரிசெய்தாள்.

எட்டாம் நாள் ஜைத்தூன் வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

"ரூமுக்குள்ள மட்டும் அடிச்சி விடுடி. கதவ சாத்திக்க. யாரு பாக்கப் போறா?"

"நான் அடிச்சா ஒரு ரூமு. அது தெரிஞ்சா நாளைக்கு நூறு வீடு அடிக்கும்க்கா."

"பெத்த வயிறு பத்தி எரியலயா உனக்கு?"

பற்றத்தான் செய்தது. பற்றாமல் என்ன? ஜைத்தூன் போனதும் பூங்காவனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, மகளுக்கு வெந்நீர் வைக்கப் போனாள். பரணை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஊரில் சிலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இருபதாம் தேதி காலை எட்டே முக்காலுக்கு ஜீப் வந்தது. சாட்சி சொல்லவேண்டிய புகை அன்றைக்கு முழங்கால் வரை இறங்கி, தெருவே நாட்டு அடுப்பு மூட்டிய சமையல்கட்டாக இருந்தது. தேசிங்கு சலவைச் சட்டை போட்டிருந்தார். பூங்காவனத்துக்குப் பத்து நாளில் முதல் தடவையாக நெஞ்சில் ஒரு தெம்பு வந்தது. ஜீப்பிலிருந்து மெஷினை இறக்கினார்கள், சின்ன பிரிட்ஜ் அளவில், முகப்பில் சிவப்பு எண்களோடு. அதற்குப் பின்னால் ஆபீசர் இறங்கினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். வயிறு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தாள்.

டிரைவர் மெஷினை ரேஷன் கடை வாசலில் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, வேறு இடத்துக்குப் போகவேண்டும் என்று ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மெஷினை விட்டு நகரக்கூடாது என்பது அவர்கள் ஆபீஸ் சட்டம், முன்பு எங்கோ ஒன்று திருட்டுப் போனதாம். எண்கள் ஓடி நானூற்றுப் பதினேழில் நின்றன. தேசிங்கு அதைப் பார்த்துக் கைகூப்பியே விட்டார். ஆபீசர் பெண் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள், இருமினாள், மறுபடி இருமினாள், எழுந்து சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தாள்.

பிள்ளைத்தாய்ச்சி தெருவில் உட்கார்ந்திருக்கும்போது எந்த வீட்டுப் பொம்பளை உள்ளே இருப்பாள்? ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்தாள், ஒருத்தி முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள், ஜைத்தூன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எத்தனை மாசம்? ஏழு முடியுது. வளையல் போட்டாச்சா? இல்லை. அம்மா வீட்டில் போடலையா? அம்மா இல்லை. அந்த ஒரு வார்த்தையில் நூற்றுப் பன்னிரண்டு வீடும் அவளுக்கு அம்மா வீடாகிவிட்டது. உள்ளே வந்து படும்மா என்றார்கள், நகரக்கூடாதே என்றாள். உள்ளேயும் இதே புகைதான் என்று அவர்களுக்கும் தெரியும். பத்தரை மணிக்கு அவள் முகம் வெளுத்தது. வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று பார்த்து, பூங்காவனத்திடம் சொன்னாள்.

"அக்கா, வந்ததுலேர்ந்து புள்ள அசையவே இல்லக்கா. எனக்கு பயமா இருக்கு."

பூங்காவனம் ஓடினாள். பரணில் ஏறினாள், துணியை அவிழ்த்தாள், கம்போடு தெருவுக்கு வந்தாள், அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே சுழற்ற ஆரம்பித்தாள். அவளுக்கு இருபதாம் தேதி தெரியாதா, மெஷின் தெரியாதா, தான் எழுந்து நின்று சொன்ன வார்த்தை தெரியாதா? எல்லாம் தெரியும். கை கேட்கவில்லை. அவள் அடிப்பதைப் பார்த்ததும் ஜைத்தூன் அடித்தாள், ஜைத்தூனைப் பார்த்ததும் எதிர்வீடு, பக்கத்து வீடு, அடுத்த தெரு, ஆணும் பெண்ணும், கட்சிக் கம்பும் மூங்கில் கம்பும், பத்து நாள் சேர்ந்த புகையை இழுத்தார்கள், உருவினார்கள், சாக்கில் திணித்தார்கள், மறுபடி இழுத்தார்கள். அரைமணி நேரத்தில் காலனிக்கு மேலே அதுவரை யாரும் பார்க்காத நீலத்தில் ஒரு வானம் இருந்தது. வீட்டுக்குள் சுவரில் சாய்ந்திருந்த இலக்கியா மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். ஆபீசர் பெண் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, உதைக்குதுக்கா என்றாள். பொம்பளைகள் வரிசையாக வந்து அந்த வயிற்றில் கைவைத்துப் பார்த்தார்கள், ஜைத்தூன் தன் கைக் கண்ணாடி வளையலைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள், யாரோ புளிச்சோறு கிளறப் போனாள். தெருவே சிரித்துக்கொண்டிருந்தது.

தேசிங்கு மட்டும் மெஷின் பக்கத்தில் நின்றார். நானூற்றுப் பதினேழு முந்நூறு ஆனதை, நூறு ஆனதை, நாற்பது ஆனதை, பதினொன்றில் நின்றதை அவர்தான் பார்த்தார். நிறுத்துங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது? மத்தியானம் புகை மறுபடி இறங்கப் பார்த்தது. ஆறு மணிவரை அவள் உட்கார வேண்டுமே என்று முறை போட்டு அடித்தார்கள், மூன்று மணிக்குத் தேசிங்கும் ஒரு கம்பை வாங்கி அடித்தார்.

ஆறு மணிக்கு மெஷின் ஒரு சீட்டைத் துப்பியது. சராசரி தொண்ணூற்றிரண்டு. அதைப் படித்த பிறகுதான் ஆபீசர் பெண்ணுக்கே என்ன நடந்தது என்று புரிந்தது. அழுதாள். நான் கைவைக்க முடியாதுக்கா, பதிஞ்சது பதிஞ்சதுதான் என்றாள். குறிப்பு எழுதுகிற கட்டத்தில் நடந்ததையெல்லாம் பொடி எழுத்தில் எழுதி, கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்லி என்ன? அந்தக் கட்டத்தை ஆபீசில் யாரும் படிப்பதில்லை. மாதம் முடிவதற்குள் அனுமதி வந்துவிட்டது, வேலாயுதம் காலனியின் காற்று திருப்திகரமாக உள்ளது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

மெஷின் வந்துபோன அன்று சாயங்காலம் இலக்கியா பத்து நாளுக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள். மீந்த புளிச்சோறு. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, கோபமில்லாமல், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அந்த அக்காவுக்கு அடிச்சியே. எனக்கு ஏம்மா அடிக்கல?"

 ஊருக்காக என்று பூங்காவனம் சொல்லலாம், உனக்காகத்தான் கண்ணு என்றும் சொல்லலாம், அந்த இரண்டையும் அவளே ஒரு காலையில் வாரிச் சாக்கில் திணித்துவிட்டாள். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளை அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இரண்டாவது புகைபோக்கி பதினொரு மாதத்தில் எழும்பியது, முதலாவதைவிட உயரமாக. அதிலிருந்து வந்த புகைக்கு நிறம் இல்லை. வானம் பார்க்க நீலமாகவே இருந்தது, நாக்கில் மட்டும் செம்புக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி, கண்ணில் எரிச்சல். அந்தப் புகை கம்பில் ஒட்டவில்லை. மூங்கிலில் ஒட்டவில்லை, நாரில் ஒட்டவில்லை, ஈரத்துணி சுற்றிப் பார்த்தார்கள், விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பழைய புகைபோக்கியிலிருந்தும் அதே நிறமில்லாத புகை வர ஆரம்பித்தது. குழு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடியது, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தேசிங்கு மட்டும் வந்து ரேஷன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். ஜைத்தூன் மகன் வீட்டோடு போய்விட்டாள். போக இடமிருந்தவர்கள் போனார்கள். பூங்காவனத்துக்குப் போக இடம் இல்லை.

இலக்கியா இப்போது பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லை. கட்டில் பக்கத்திலேயே கேஸ் மெஷின் இருக்கிறது, டிரெய்லர் ஓட்டுகிறவன் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினான். அது வைத்தும் அடங்காத சாயங்காலங்கள் உண்டு. அப்போதெல்லாம் பூங்காவனம் கம்பை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் தலைக்கு மேலே சுழற்றுவாள். மூலை மூலையாக அடிப்பாள், கட்டிலைச் சுற்றி அடிப்பாள், பிள்ளையின் வாய்க்கு நேராக மெல்ல மெல்ல அடிப்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நுனியை இறக்கித் தடவிப் பார்ப்பாள், கையில் ஒன்றும் வராது.

போன வியாழக்கிழமையும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாள், வியர்த்து, தோள்பட்டை நடுங்க. இலக்கியா சுவரில் சாய்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துக்குழி உள்ளே போய், வெளியே வர நேரம் எடுத்தது. இரண்டு வார்த்தைக்கு வேண்டிய மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"இப்ப பரவால்லம்மா."

பூங்காவனம் அந்தக் குழியைப் பார்த்தாள். அப்படியா கண்ணு என்று கேட்டாள். பிள்ளை ஆமாம் என்று தலையாட்டியது. இவளும் நம்பிவிட்டவள் மாதிரித் தலையாட்டி, இன்னும் கொஞ்ச நேரம் அடித்தாள்.